ஒன்பதாவது படம்

ஒன்பதாவது படத்தை மட்டும் காஞ்சனா பீரோவுக்குள், தன் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். மற்றப் படங்கள் கூடத்து மேஜை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தன.

"அக்கா, உறையில பன்னெண்டு படம்னு போட்டிருக்கு. இங்க ஒண்ணு குறையறதே?" என்று காலையில் சம்பத் கேட்டுவிட்டான்.

"ஒண்ணு ஸ்கூல்லயே தங்கிப்போச்சுடா."

அவன் தலையாட்டினான். நம்பித்தான் ஆட்டினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

பம்பாயில் வேலை பார்த்த சம்பத்குமார் பிரவுன் ஷுகர் என்ற போதைப் பொருள் பழக்கத்தில் விழுந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்ததையும், மதராஸ் ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டையும், இந்தக் குடும்பம் அறியும். அறியாதது ஸ்ரீவில்லிபுத்தூர்தான். ஊருக்கு அவன் காமாலையில் படுத்து எழுந்த பிள்ளை. அவன் அம்மா மரகதவல்லி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். எதிராத்து மாமி அதை நம்பி மாதக்கணக்கில் கீழாநெல்லி பறித்து அனுப்பினாள். சம்பத்தும் முகம் சுளிக்காமல் மோரில் கலந்து குடித்தான்.

"இந்த ஊர்லயே ஈரல் சுத்தமா இருக்கறவன் நான்தான்" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பான்.

இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை வகுப்பு எடுக்கிறான். மற்ற நேரம் வீட்டில் ஒரு பழைய மெஷினில் கோர்ட்டுக் காகிதங்கள் தட்டிக்கொடுக்கிறான். காஞ்சனாவின் கணவர் ஜகந்நாதனுக்குத் தூத்துக்குடியில் உத்தியோகம். சனிக்கிழமைதான் வருவார். அதனால் அவள் அம்மா வீட்டில் இருந்துகொண்டு உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். கடைக்குட்டி பத்மாசனிக்கு வரன் முடிந்து, பங்குனியில் நிச்சயதார்த்தம்.

பன்னிரண்டு படங்களுக்கும் அந்த நிச்சயதார்த்தத்துக்கும் நடுவில் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் அழகியமணவாளன். அவருடைய 'நல்வழி மன்றம்' வட்டாரத்துப் பள்ளிகளுக்காகப் போதைப் பொருள் விழிப்புணர்வுப் பாடம் ஒன்று தயாரித்திருந்தது. வண்ணப் படங்கள், கையேடு, ஒரு நாடகக் காஸெட். அச்சுக்குப் போகும் முன் வகுப்பில் காட்டிப் பார்த்து, நிறைகுறை சொல்ல இரண்டு ஆசிரியர்களை அவர் கேட்டுக்கொண்டார். ஒருத்தி காஞ்சனா. பத்மாவைக் கேட்டு வந்த பிள்ளை அவருடைய சொந்த அண்ணா மகன்.

"மாமா மனசு நோகாமப் பேசிட்டு வா" என்று வாசல்வரை வந்து சொன்னாள் மரகதவல்லி. "நன்னா இருக்குன்னு நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுது."

காஞ்சனா மேஜை மேலிருந்த படங்களை உறையில் அடுக்கினாள். பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒன்பதாவதையும் உருவித் தனியாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் மில் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் கூட்டம். பஞ்சு வாசனையோடு ஒரு பெண் அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். காஞ்சனா பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் அன்று கடைசி ஒத்திகை. பத்தாம் வகுப்பு, ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு. அழகியமணவாளனே பாடம் எடுத்தார். அவர் குரலுக்கு ஒரு கம்பீரம் உண்டு. படத்தைத் தூக்கிக் காட்டினால் கடைசி பெஞ்சும் நிமிரும்.

காஞ்சனாவும் இன்னொரு மதிப்பீட்டாளரான உடற்பயிற்சி ஆசிரியர் வேல்சாமியும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாவது படம் வரை வகுப்பு அமைதியாக இருந்தது. ஆறாவது படத்தில் ஒருவன் காகிதத்தையும் நெருப்பையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று தெளிவாக வரைந்திருந்தது. முன்வரிசைப் பையன்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். "சார், அது எந்தக் கடையில விக்கும் சார்?" என்று ஒருவன் கேட்டான்.

வேல்சாமி குனிந்து காஞ்சனாவின் காதோரம் சொன்னார். "டீச்சர், போன வாரம் எங்க ஸ்கூல்லயும் இதே படந்தான். மறுநாளு இன்டர்வெல்ல பயலுக சிகரெட்டு அட்டைத் தாளை வச்சுக்கிட்டு அப்படியே நடிச்சுக் காட்டுதானுக. ஏலே என்னலேன்னு கேட்டா, 'பாடம் சார்'ங்கான். எம்புட்டோ வருசமா நானும் டிரில் சொல்லிக்கொடுக்கேன், எந்தப் பயலும் இம்புட்டு அக்கறையாப் படிச்சதில்ல."

காஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. இனி வரப்போகிற ஒன்பதாவது படம் நினைவுக்கு வர, சிரிப்பு நின்றது.

எட்டாவது முடிந்ததும் அழகியமணவாளன் உறையைப் புரட்டிப் பார்த்தார். "ஒன்பதாவதைக் காணோமே. உன்கிட்ட இருந்தாக் கொடும்மா" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் தூக்கிப் பிடித்தார்.

குழி விழுந்த கண்கள். பாதி முகம் மனிதன், பாதி மண்டையோடு. கீழே சிவப்பு எழுத்தில்: 'இவன் இனி மனிதன் அல்ல. இவனுக்குத் திரும்பும் வழி இல்லை.'

வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அழகியமணவாளன் திருப்தியோடு ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

ஜன்னலோரத்தில் ஒரு பெண் எழுந்தாள். எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை.

"சார், ஒரு சந்தேகம்."

"பேர் சொல்லிட்டுக் கேளு."

"பெத்தம்மாள் சார். இவுக… திரும்பி வரவே முடியாதா சார்?"

"முடியாது. அதனாலதான் ஒரு தடவைகூடத் தொடக்கூடாதுன்னு சொல்றேன். உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். மேஜை மேல் கையை மடக்கி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்துப் பெண் அவள் முதுகைத் தொட்டாள். அழகியமணவாளன் பத்தாவது படத்தை எடுத்தார்.

காஞ்சனா தான் எழுந்துவிட்டதை எழுந்த பிறகுதான் உணர்ந்தாள்.

"முடியும்" என்றாள்.

வகுப்பு மொத்தமும் திரும்பியது.

"முடியும்மா பெத்தம்மாள். கஷ்டம். ஆனா முடியும். வந்தவா இருக்கா. எனக்குத் தெரியும்."

அழகியமணவாளன் முகம் கறுத்தது. மற்றப் படங்களை விறுவிறுவென்று காட்டி முடித்தார்.

மணி அடித்ததும் குடிதண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் காஞ்சனாவுக்காகக் காத்திருந்தாள்.

"டீச்சர், நெசமாத்தான் சொன்னீகளா?"

"நிஜம்தான். யாரும்மா உனக்கு?"

பெத்தம்மாள் குழாயையே பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்கண்ணன். லாரியில கிளீனரா வடக்க போயிட்டு வந்தான். வந்ததுல இருந்து இப்படித்தான் கெடக்கான். எங்கய்யா வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேங்காரு. தொழுவத்துலதான் படுத்திருக்கான். எங்கம்மா அய்யாவுக்குத் தெரியாம ஒளிச்சுச் சோறு கொண்டுபோயி வைக்கும்."

"நீ?"

"நான் பள்ளிக்கூடம் விட்டுப் போயி செத்த நேரம் அவன்கூடப் பேசிக்கிட்டிருப்பேன். என்னத்தையாவது பேசுவேன். சில நாளு அழுவான், சில நாளு சிரிப்பான்." நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே பேசலாமா டீச்சர்? மனுசனே இல்லேன்னு போட்டிருக்கே."

காஞ்சனா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பேசு. இன்னிக்கும் பேசு, நாளைக்கும் பேசு. நிறுத்தாதே. உங்க அம்மாவை நான் வந்து பாக்கறேன். மதராஸ்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, எப்படிப் போறதுன்னு எல்லாம் சொல்றேன். சரியா?"

பெத்தம்மாள் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

ஹெட்மாஸ்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஆறாவது படம் செய்முறை விளக்கம் போல் ஆகிவிட்டது என்று காஞ்சனா சொன்னதை, வேல்சாமியின் சிகரெட் அட்டைக் கதையைக் கேட்ட பிறகு, அழகியமணவாளன் ஒத்துக்கொண்டார். காஸெட்டில் குடிகாரன் வேஷக்காரர் நாக்குக் குழறிப் பேசும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதையும் ஒத்துக்கொண்டார். அவர் வீம்புக்காரர் இல்லை. ஒன்பதாவதில் மட்டும் அசையவில்லை.

"பயம் வேணும் காஞ்சனா. பயம்தான் வேலி."

"இன்னும் போகாத பிள்ளைக்கு வேலி சார். ஏற்கெனவே வீட்ல ஒருத்தர் விழுந்திருந்தா, அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அண்ணன்கூடப் பேசலாமான்னு என்கிட்ட கேக்கறா அந்தப் பொண்ணு."

"திரும்பலாம்னு சொன்னா, ஒரு தடவை பாத்துட்டுத் திரும்பிடலாம்னுதானே நினைப்பான்? நாற்பது வருஷம் பசங்களைப் பாத்தவன் நான்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வந்தவா இருக்கான்னு வகுப்புல சொன்னே. யாரு? புஸ்தகத்துல படிச்சதா?"

சம்பத்தின் பெயர் காஞ்சனாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். தம்பியின் வாழ்க்கையை அவனைக் கேட்காமல் இங்கே எடுத்து வைக்க அவளுக்கு உரிமை இல்லை. பங்குனி நிச்சயதார்த்தமும் கண்முன் நின்றது.

"திரும்பி வந்த ஒருத்தனைக் காட்டு. நானே இதை எடுத்துடறேன்" என்றார் அவர், கோபமில்லாமல். "நாளைக்குக் காலம்பற எல்லாம் சிவகாசிக்கு அச்சுக்குப் போறது. இந்தப் படத்தை எடுத்துண்டு போ. உன் அபிப்பிராயத்தோட இன்னிக்கே ஆத்துல கொண்டுவந்து கொடு."

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பத்மாசனி ஹிந்தி டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். கூடத்தில் டைப்ரைட்டர் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. காஞ்சனா நேராக அடுக்களைக்குப் போய், குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் மரகதவல்லி. "உனக்கென்ன பைத்தியமா? பத்மா கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் ஊர் பூரா தமுக்கடி."

"அதுக்குள்ள அந்தப் படம் ஊர் பூராப் போயிடும்மா."

"போகட்டுமே. படம்தானே? அதைப் பாத்து நம்மாத்துப் பிள்ளைக்கு என்ன ஆகப்போறது?"

டைப்ரைட்டர் சத்தம் நின்றது.

சம்பத் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அந்த ஒன்பதாவதைக் காட்டு அக்கா."

"ஒண்ணுமில்லைடா, அது…"

"காட்டு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். மரகதவல்லி தரையைப் பார்த்தாள்.

"நன்னா வரைஞ்சிருக்கான்" என்றான். "மூக்கு அப்படியே என் மூக்கு. கண்தான் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டான்."

சிரிக்க முயன்றான். குரல் உடைந்துபோயிற்று. காஞ்சனா அவன் கையிலிருந்து படத்தை வாங்கப் போனாள். அவன் கொடுக்கவில்லை.

"யாரோ ஒரு பொண்ணு கேட்டாள்னு சொல்லிண்டிருந்தியே. என்ன கேட்டா?"

காஞ்சனா சொன்னாள். லாரி, தொழுவம், ஒளித்து வைக்கிற சோறு, சாயங்காலம் உட்கார்ந்து பேசும் தங்கை. இனிமேல் பேசலாமா என்ற கேள்வி.

சம்பத் சுவரில் சாய்ந்துகொண்டான். "பம்பாய்லேருந்து வந்த புதுசுல நான் எத்தனை நாள் பேசாம படுத்திருந்தேன். பத்மா வந்து வந்து காலேஜ் கதை சொல்லுவா. நான் கேக்கறேனா இல்லையான்னுகூடப் பாக்க மாட்டா. அவளை யாராவது பேசாதேன்னு சொல்லியிருந்தா…" முடிக்கவில்லை. "நான் போறேன்க்கா. மாமாவைப் பாத்துட்டு வரேன்."

"சம்பத்!" என்றாள் மரகதவல்லி.

"கல்யாணம் நின்னுபோனா பத்மாகிட்ட நான் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைம்மா. அது நிஜம். ஆனா இதைக் கையில பிடிச்சதுக்கு அப்புறம் இங்க உக்காந்து டைப் அடிக்க முடியலை."

மரகதவல்லி அடுப்பைத் தணித்தாள்.

"ஒளிச்சு வச்சா சோறு போடறா, அந்தப் பொண்ணோட அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா."

"பாவம். பிள்ளைக்குச் சாதம் போடறதைக்கூட ஒளிக்கணும்."

உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வெளியே போகும் புடவையைக் கட்டியிருந்தாள்.

"நானும் வரேன். பெத்தவ பக்கத்துல இல்லாம அவன் தனியாப் போய் நிக்கப்படாது. பத்மாகிட்ட சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கறேன்."

அழகியமணவாளன் வீடு மாடவீதியில். பால்கோவாக் கடைகளில் மாலைக் கூட்டம். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நிறுத்திப் பேசினார்கள். மரகதவல்லி எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு கை சம்பத்தின் முழங்கையைப் பிடித்திருந்தது.

"அடடே, வாங்கோ வாங்கோ!" அழகியமணவாளன் எழுந்து வந்தார். மூன்று பேரையும் எதிர்பார்க்கவில்லை. "சம்பத், உடம்பு எப்படிடா இருக்கு? காமாலை முழுசா இறங்கிடுத்தா?"

"எனக்குக் காமாலை வரவே இல்லை மாமா."

அவர் புரியாமல் சிரித்தார்.

சம்பத் படத்தை மேஜை மேல் வைத்தான். "திரும்பி வந்த ஒருத்தனைக் காட்டச் சொன்னேளாமே. வந்திருக்கேன்."

அவர் மனைவி காப்பித் தட்டோடு உள்ளிருந்து வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். அழகியமணவாளன் படத்தைப் பார்த்தார். சம்பத்தைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பம்பாய்லயா?"

"ஆமாம் மாமா. ஒண்ணரை வருஷம்."

"இப்போ?"

"இல்லை. மதராஸ்ல வைத்தியம் பண்ணிண்டு வந்தப்புறம் தொடலை."

"ஆசையே வரதில்லையா?" பரீட்சையில் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் குரலில் கம்பீரம் இல்லை.

சம்பத் தயங்கினான். பொய் சொல்ல நல்ல இடம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வரும் மாமா. நேத்துக்கூட வந்தது."

காஞ்சனா திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள்.

"மத்தியானம் கூடத்துல தனியா உக்காந்து டைப் அடிச்சிண்டிருந்தேன். திடீர்னு கை நடுங்க ஆரம்பிச்சுது. எழுத்தெல்லாம் தப்பு தப்பா விழுந்தது. எழுந்து எங்கேயாவது ஓடிடலாம்னு தோணித்து. அப்போ அம்மா முறத்தை எடுத்துண்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா. அரிசியில கல் பொறுக்க ஆரம்பிச்சா. என்னடான்னு ஒரு வார்த்தை கேக்கலை. அந்த அரிசியில கல்லே கிடையாது மாமா. அவ பாட்டுக்குப் பொறுக்கிண்டே இருந்தா. கொஞ்ச நேரத்துல அது போயிடுத்து."

மரகதவல்லி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தட்டற சத்தம் மாறித்து" என்றாள், யாருக்கோ சமாதானம் சொல்வது போல. "அதான் போய் உக்காந்தேன்."

அழகியமணவாளன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"அப்படின்னா நீ இன்னும் முழுசாத் திரும்பி வரலைடா."

"வந்துண்டே இருக்கேன் மாமா."

அழகியமணவாளன் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, நாற்பது வருஷம் கரும்பலகை முன் நின்ற மனிதராகவே கேட்டார்: "இதை எப்படிடா படமா வரையறது?"

காஞ்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பத்தும் சிரித்துவிட்டான்.

"எனக்குத் தெரியலை மாமா. ஆனா வழி இல்லைன்னு மட்டும் போடாதீங்கோ. இருக்கிற வழியைப் போடுங்கோ. எந்த ஆஸ்பத்திரி, யாரைப் போய்ப் பாக்கணும், ஸ்கூல்ல எந்த டீச்சர்கிட்ட தைரியமாச் சொல்லலாம்னு."

"ஆத்துல இருக்கறவாளோட பேசறதை நிறுத்தாதேன்னு ஒரு வரி" என்றாள் காஞ்சனா. "பெரிய எழுத்துல."

அழகியமணவாளன் சிவப்பு மசிப் பேனாவை எடுத்தார். அந்த மண்டையோட்டு முகத்தின் குறுக்கே கோடிழுத்து, 'அச்சிட வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு சிவகாசிக்கு அனுப்பலை. ஒரு வாரம் போகட்டும். எழுதிப் பாக்கலாம். நீயும் வாடா, உக்காந்து எழுதலாம்." காஞ்சனா பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு பேர் என்ன சொன்னா? பெத்தம்மாளா? நாளைக்கு அந்த வகுப்புக்குப் போறேன். முடியாதுன்னு சொன்னவன் நான். முடியும்னு நான்தான் போய்ச் சொல்லணும்."

அப்போதுதான் அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் நாலு பேரும் குடித்தார்கள்.

புறப்படும்போது அவர் வாசலில் நின்று தயங்கினார்.

"மாமி, ஒண்ணு சொல்லணும். இதை எங்க அண்ணாகிட்ட நான் சொல்லாம இருக்க முடியாது. தெரிஞ்சுண்டு மறைச்சேன்னு நாளைக்கு வரப்படாது."

"சொல்லுங்கோ. நாங்களே சொல்லியிருக்கணும்."

"அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது. என் மனசைக் கேட்டா…" நிறுத்திக்கொண்டார். "நான் பேசிப் பாக்கறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

திரும்பும் வழியில் கோவில் மணி கேட்டபோது மரகதவல்லி மட்டும் நின்று கைகூப்பினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. பத்மாசனி கதவைத் திறந்தாள். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கே போயிட்டு வரேள் எல்லாரும்? என்ன ஆச்சு?"

மரகதவல்லி அவளை உட்கார வைத்துச் சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது, படம், மாமா வீட்டில் சம்பத் பேசியது. அடுத்த வாக்கியம் வரும்போது குரல் தடுமாறியது. "உன் கல்யாணத்துல விளையாடிட்டோம்டி குழந்தே. மாமா தன் அண்ணாகிட்ட சொல்லப்போறார். பிள்ளையாத்துல இனிமே என்ன நினைப்பாளோ…"

சம்பத் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

பத்மாசனி பதறவில்லை. அம்மாவின் புறங்கையைத் தடவிக்கொடுத்தாள்.

"பெரியவாளுக்குத் தெரியாதும்மா. ஆனா அவருக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கொல்லையில ரெண்டு வார்த்தை பேச விட்டேளே? அப்பவே சொல்லிட்டேன். எங்க அண்ணாவுக்கு வந்தது காமாலை இல்லைன்னு. அதை மறைச்சு ஒருத்தர்கிட்ட போய்க் குடித்தனம் பண்ண எனக்குப் பிடிக்கலை."

காஞ்சனா கேட்டாள். "அதுக்கு என்னடி சொன்னார்?"

பத்மாசனி அண்ணாவைப் பார்த்தாள்.

"'தெரியும்'னார்."

"தெரியுமா? எப்படி?"

"கூடத்துல அண்ணா எல்லாருக்கும் காப்பி எடுத்துக் கொடுத்தப்பவே அடையாளம் தெரிஞ்சுடுத்தாம். அவர் அப்போ பம்பாய்ல பாங்க் ட்ரெயினிங்ல இருந்திருக்கார். 'உங்க அண்ணாவை நான் தாதர் ஸ்டேஷன்ல பாத்திருக்கேன்'னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. 'என்னைப் பத்தி உங்க அண்ணாவுக்கு ஞாபகம் வரதான்னு பாப்போம்'னு சொல்லிட்டுச் சிரிச்சார். நல்ல சிரிப்பா, வேற மாதிரியான்னு எனக்கே தெரியலை. அதான் உங்ககிட்ட யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்."

சம்பத் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"தாதர்ல…" என்றான். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "பிளாட்பாரத்துல விழுந்து கிடந்தேன். ரெண்டு பேர் தமிழ்ல பேசிண்டிருந்தா அக்கா. ஒருத்தன் என் பையைப் பிடுங்கினான். இன்னொருத்தன் என்னைத் தூக்கி மெட்ராஸ் வண்டியில உக்கார வச்சான். அதுக்கு மேல ஞாபகம் இல்லை."

"அதுல இவர் யாருடா?" என்றாள் காஞ்சனா.

சம்பத் கண்ணை மூடிக்கொண்டான். பத்மாசனி அவன் எதிரில் மண்டியிட்டு, அவன் சொல்லப்போகும் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியலையே பத்மா" என்றான். "ரெண்டு குரலும் ஞாபகம் இருக்கு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இவர் எங்க முன்னாடி வாயே திறக்கலை. முகம்தான் வரமாட்டேங்கறது."